விமானத்தில் ஓர் இடம்

அக்டோபர் 14, செவ்வாய்
சிம்தாங்

காத்மாண்டுவில் மூட்டைகளை நிறுப்பதுபோல் எங்களையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். சிம்தாங் அவ்வளவு உயரத்தில் இருக்கிறதாம். அங்கே காற்று மெலிந்திருக்குமாம். பாரம் கூடினால் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது என்றார்கள். என் கொழுந்தனார் மயில்சாமி கனத்த உடம்பு. அவரை நிறுத்திவிட்டு இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள்.

"ஏனுங்க அண்ணி, பாஷை தெரியாத ஊர்ல நீங்க தனியாப் போயி என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"கையெழுத்துப் போடவேண்டியவ நான்தானுங்களே," என்றேன்.

அவர் பார்வை என் கைப்பையின் மேல் இருந்தது. அதில் பிளஸ் டூ மாணவர்களின் வேதியியல் தேர்வு விடைத்தாள்கள் இருக்கின்றன. பள்ளியில் இருந்தபோது செய்தி வந்தது, பையோடு கிளம்பினேன், அவ்வளவுதான். புருஷன் உடலை எடுக்கப் போகிறவள் விடைத்தாளோடு போகிறாளே என்று அவர் நினைத்திருப்பார்.

என் கணவர் ஈஸ்வரமூர்த்தி. பொள்ளாச்சியில் வங்கி அதிகாரி. ஐந்தாறு வருடமாகக் கோவையில் ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக மலை ஏறிக்கொண்டிருந்தார். சிம்தாங்கிலிருந்து இன்னும் மேலே ஓர் இடத்தில் போன வெள்ளிக்கிழமை இறந்துபோனார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்கிறார்கள். குடும்பத்தார் வந்து கையெழுத்திட்டால்தான் உடலை அனுப்புவோம் என்று இங்குள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஓடுபாதை ஒரு தெரு நீளம்கூட இல்லை. மேட்டைப் பார்த்து ஏறுகிறது. மேல் முனையில் மலைச்சுவர், கீழ் முனையில் பள்ளத்தாக்கு. இறங்கும்போது பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பயம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பிவேலி ஓரத்தில் நீரஜா நின்றிருந்தாள். குழுவைச் சேர்ந்தவள், மற்றவர்கள் யாரும் இந்தத் தடவை வரவில்லையாம். கோவையில் பிசியோதெரபிஸ்ட். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். அப்பா ரயில்வே என்பதால் நாக்பூரில் வளர்ந்தவள், இந்தி நன்றாகத் தெரியும். பெரிய கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"வாங்கக்கா. நானே வந்து கூப்பிடணும்னு நின்னேன்."

"கால்ல என்ன?"

"குளிர்ல கொஞ்சம்... ஒண்ணுமில்லக்கா."

உடலைச் சரக்குக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் காலி எரிவாயு சிலிண்டர்கள், நடுவில் அவர். முகத்தைப் பார்த்தேன். முகம் சுத்தமாக மழிக்கப்பட்டிருந்தது. நல்ல பழக்கம்தான், இந்த ஊரில் இதையெல்லாம் கவனிக்கிறார்கள்.

நாளைக் காலை விமானம் வருமாம்.


அக்டோபர் 15, புதன்

வரவில்லை. விடியும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி ஓடுபாதையை மூடிவிட்டது. இங்கே விமானம் காலையில் மட்டும்தான். பிறகு காற்று கிளம்பிவிடும்.

தங்கியிருப்பது ஓடுபாதையை ஒட்டிய விடுதி. நடத்துகிறவள் பெயர் லாமு, ஐம்பது வயது இருக்கும். விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களால் எல்லா அறைகளும் நிறைந்துவிட்டன. அதனால் எனக்கும் நீரஜாவுக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில். இங்கே நேபாளிக்கு அடுத்து இந்திதான் புரிகிறது, எனக்கோ இந்தி தெரியாது. வெந்நீர் வேண்டுமென்றாலும் அவளிடம் சொல்லித்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

லாமு காலையில் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டை எடுத்துவந்து நீரஜாவின் கழுத்தில் போட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இங்கே துக்கத்துக்கு அப்படிச் செய்வார்களாம். பிறகு எனக்குத் தேநீர் கொடுத்தாள். நீரஜா முன்பே இங்கே தங்கியவள், பழக்கம் இருக்கும்.

சமையலறையில் சும்மா உட்கார முடியாமல் உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். இந்த ஊரில் மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். மதியம் விடைத்தாள் திருத்தினேன். வினையூக்கி என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருத்தன், "தான் மாறாமல் மற்றவர்களை மாற்றுவது" என்று எழுதியிருக்கிறான். மற்றவர்களாம். அரை மதிப்பெண் போட்டேன்.

சாயங்காலம் மயில்சாமி போனில் கூப்பிட்டார். "அண்ணி, அந்தப் பொம்பளையும் அங்கதான் இருக்காளா?"

எந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத விஷயத்தை நான் ஏன் கேட்கவேண்டும்?

"குழுவுல வந்த ஒரு பொண்ணு இருக்குதுங்க. இந்திக்கு ஒத்தாசையா இருக்குது," என்றேன்.

"சரிங்க அண்ணி," என்று வைத்துவிட்டார்.


அக்டோபர் 16, வியாழன்

மேகம். காலுறைகளைத் துவைத்து அடுப்போரம் போட்டேன். அவளுடையதையும் சேர்த்தே போட்டேன், வாளியில் தண்ணீர் மிச்சமிருந்தது.


அக்டோபர் 17, வெள்ளி

இன்று ஒருவர் என்னிடம் தமிழில் பேசினார்.

பெயர் பூர்ணா ராய். இந்த விமான நிலையத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர். ஆறு வருடம் கோவை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் டீ போட்டிருக்கிறார். என் காதில் தமிழ் விழுந்ததும் முதலில் யார் பேசுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன்.

"அக்கா கோயமுத்தூரா? பொள்ளாச்சியா? ரெண்டும் தெரியும் நமக்கு. நல்ல ஊரு. சூடு ஊரு."

கொட்டகையில் பைன் பலகையை அறுத்துப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். பூர்ணா ஒரு முனையைப் பிடித்தபடி பேசினார். இந்த ஓடுபாதை போடுவதற்கு முன் வண்டிப்பாதை உள்ள ஊருக்கு ஒரு வாரம் நடக்கவேண்டுமாம்.

"இப்ப அரிசி வருது, தகரம் வருது, கோழிக்குஞ்சு வருது, பீர் வருது. டூரிஸ்டு வருது. நம்ம பசங்க இங்கேருந்து ஏறி கத்தார் போறான், மலேசியா போறான். கொஞ்சம் பேரு திரும்பி வர்றான். கொஞ்சம் பேரு பெட்டியில வர்றான். எல்லாத்துக்கும் இதே பிளைட்டுதான் அக்கா."

அப்புறம், பெட்டியின் அளவைக் கையால் காட்டிவிட்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"சாரு நல்லவரு. போன வருசமும் வந்தாரு, அதுக்கு முன்னாடியும் வந்தாரு. சம்சாரத்தைக் கூட்டிட்டு. நமக்கு தமிழ் தெரியும்னு சாருக்கு ரொம்ப சந்தோசம். அந்த அக்கா பாவம், நேத்து வரைக்கும் சாப்பிடல. சாருக்கு அவங்களே கையால ஷேவிங் பண்ணி விட்டாங்க, நாம பண்றோம்னா விடல. நீங்க சாருக்குக் கூடப் பொறந்த அக்காதானே? மூஞ்சி அதே மாதிரி இருக்கு."

முப்பது வருடம் ஒன்றாக இருந்தால் முகம் ஒன்றுபோல் ஆகிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்களுக்கு இருபத்து நான்குதான்.

"ஆமாங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்களின் முன்னால் வேறு என்ன சொல்வது?

அறைக்குத் திரும்பியபோது நீரஜா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டைத்தான் போட்டிருக்கிறாள். அவரிடமும் அதே மாதிரி ஒன்று உண்டு. குழுவில் எல்லோரும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இடது பை ஓரத்தில் கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. பச்சை நூல் கிடைக்காமல் நான் தைத்த தையல்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா."

"இருக்கும்," என்றேன்.


அக்டோபர் 18, சனி

காலையில் சிறிது நேரம் மேகம் கிழிந்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். வந்தது விமானமல்ல, ஹெலிகாப்டர். பீர் பெட்டிகளையும் முட்டைத் தட்டுகளையும் இறக்கிவிட்டு, வயிற்றுவலி என்று சொன்ன இரண்டு ஐரோப்பியர்களை ஏற்றிக்கொண்டு போனது. வயிற்றுவலிக்காரர்களில் ஒருவர் ஏறுவதற்கு முன் ஹெலிகாப்டரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

சுகாதார நிலையத்தின் நர்ஸ் ஒரு சின்னப் பெண். நீரஜாவைத் தேடிக்கொண்டு விடுதிக்கே வந்தாள். அவள் கட்டுப் பிரிக்கும்போது நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். இடது கால் விரல்கள் கறுத்திருந்தன. கரிந்த கத்தரிக்காய்த் தோல்போல. நர்ஸ் கோபமாக ஏதோ சொன்னாள். நீரஜா தலையை ஆட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"சீக்கிரம் கீழ போகணுமாம்."

"அந்த ஹெலிகாப்டர்ல போயிருக்கலாமே?"

"என்னோட இன்சூரன்ஸ் இவ்வளவு உயரத்துக்குச் செல்லாதுக்கா. கேட்டுப் பார்த்தேன்." பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். "மேல பனிப்புயல். ஆடு மேய்க்கிறவங்களோட கல் குடிசை. அவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டே இருந்தது. என் ஷூவையும் கழட்டி அவர் தலைக்கு அண்டக் கொடுத்திருந்தேன். ரெண்டு ராத்திரி. வெளியில போய் யாரையாவது கூப்பிடலாம்னா, விட்டுட்டு எப்படிப் போறது?"

வெந்நீரை இறக்கி அவள் பக்கத்தில் வைத்தேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது.

"கடைசியில உங்க பேரைத்தான் சொன்னாருக்கா."

"என்னன்னு?"

"பூங்கோதைன்னு."

வீட்டில் அவர் என்னைக் கோதை என்றுதான் கூப்பிடுவார். பூங்கோதை என்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி, அவர் வாயால் வந்ததில்லை. பொய் சொல்வதானாலும் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.


அக்டோபர் 19, ஞாயிறு

காவல் நிலையம். வெளியூர் போயிருந்த அதிகாரி இன்றுதான் திரும்பினார். ஒரே அறை, நடுவில் தகர அடுப்பு. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார். பூர்ணா வேலையில் இருந்தார், அதனால் நீரஜாதான் மொழிபெயர்க்கவேண்டும்.

அதிகாரி முதலில் நீரஜாவைப் பார்த்துத்தான் பேசினார். இறந்தவரின் மனைவி என்று எல்லோரும் அவளைச் சொல்லிவைத்திருக்கிறார்கள் அல்லவா. அவள் ஏதோ மறுத்து, என் பக்கம் கை காட்டினாள்.

"உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்கறார்."

"சம்சாரம்னு சொல்லு."

சொன்னாள். என்னுடைய அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். அதில் கணவர் பெயர் இருக்கிறது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நீரஜா குனிந்து கால் கட்டைச் சரிசெய்தாள்.

"என்ன கேக்கறார்?"

"ஒண்ணுமில்லக்கா."

"என்ன கேக்கறாருன்னு சொல்லு."

"அப்போ நான் யாருன்னு கேக்கறார்."

அடுப்பில் விறகு வெடித்தது. வெளியே யாரோ கோழி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா சொல்லட்டும்?"

"யாருமில்லைன்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். அதிகாரியின் பக்கம் திரும்பி இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாள். இந்தியில் எனக்கு இப்போது அந்த இரண்டு சொற்கள் தெரியும்.

அதிகாரி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் வழி ஏற்றம். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. என்னால் மெதுவாக நடக்க முடியவில்லை. விடுதி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவள் பாதி வழியில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியிருக்கும், இங்கே எல்லோருக்கும் வாங்குகிறது.

லாமுவுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. மத்தியானம் ஒரு வெள்ளைத் துண்டை என் கழுத்திலும் போட்டாள். கட்டிப்பிடிக்கவில்லை.


அக்டோபர் 20, திங்கள்

மேகம். நம் ஊரில் இன்று தீபாவளி. ஒரே அறையில் இரண்டு பேரும் பேசவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கினாளா, அழுதாளா என்று நான் கவனிக்கவில்லை.


அக்டோபர் 21, செவ்வாய்
காத்மாண்டு

விமானம் வந்தது.

காலையில் எழுந்தபோதே வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. முதல்முறையாக எதிரே பனிமலைகள் முழுதாகத் தெரிந்தன. இவ்வளவு நாளும் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன. காத்மாண்டுவிலிருந்து விமானம் கிளம்பியதற்கு அடையாளமாகச் சங்கு ஊதினார்கள். ஊரே வேலிக்கு வந்துவிட்டது.

ஊரார் வந்தது எங்களுக்காக அல்ல. விமானத்திலிருந்து முதலில் இறங்கியது ஒரு பெட்டி. கத்தாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த இந்த ஊர்ப் பையன் என்று பூர்ணா சொன்னார். அவன் மனைவிக்கு இருபது வயதுகூட இருக்காது. பெட்டியின்மேல் விழுந்தாள். பத்துப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். அவளை யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. சிம்தாங் போனதிலிருந்து எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அது யாருக்கான அழுகை என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெட்டி இறங்கிய இடத்திலேயே எங்கள் பெட்டியை ஏற்றினார்கள். அதற்காக இருக்கைகளை மடக்கியிருந்தார்கள். விமானத்தின் ஒரு பக்கத்து விசிறியை நிறுத்தவே இல்லை. மேகம் திரும்புவதற்குள் கிளம்பவேண்டும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பெண் விமான ஊழியரின் கையைப் பிடித்துக்கொண்டு நீரஜாவின் காலைக் காட்டி ஏதோ சொன்னாள். நீரஜா தோளில் பையோடு கேட்டின் அருகே நின்றாள். பச்சை ஜாக்கெட் மடித்துக் கையில் இருந்தது. எனக்குக் கொடுக்கத்தான் கழற்றியிருப்பாள்.

விமானி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

பூர்ணா ஓடிவந்தார். "அக்கா, பெட்டியோட ரெண்டு பேரு போகலாம். ரெண்டு சீட்டு இருக்கு."

சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் ஒரு விரலைக் காட்டினேன்.

அவர் என் காதருகே வந்து கத்தினார். "ரெண்டு சீட்டு அக்கா! அந்த அக்காவும் வரலாம்! யாரு கூட வர்றாங்கன்னு நீங்கதான் சொல்லணும், நீங்கதானே சொந்தம்!"

விசிறிச் சத்தம் அவ்வளவு. புழுதி வேறு. மேகமும் கீழே பள்ளத்தாக்கில் கிளம்பிவிட்டது, நேரம் இல்லை.

"நான் மட்டும்தானுங்க," என்றேன். "அவங்க அடுத்ததுல வருவாங்க."

பூர்ணாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இருந்தும் புரியாதவர்போல் சிறிது நேரம் நின்றார். பிறகு விமானியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். வரிசையில் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரரை ஊழியர் கைகாட்டி அழைக்க, அவர் கேமராவோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

நான் படியில் ஏறும்போது நீரஜா கேட்டைத் தாண்டி இரண்டடி வந்தாள். கத்தவில்லை. என்னை நோக்கி ஜாக்கெட்டை நீட்டினாள். வாங்கிக்கொள்ள நேரமில்லை.

விமானம் இறக்கத்தில் ஓடி, தரை முடிந்த இடத்தில் காற்றில் ஏறியது. வெளிநாட்டுக்காரர் என் பக்கத்து ஜன்னல் வழியாக மலைகளைப் படம் எடுப்பதற்காகப் பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். கையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை.

காத்மாண்டுவில் மயில்சாமி காத்திருந்தார். பெட்டியைப் பார்த்து அண்ணா என்று குழந்தைபோல் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் பார்த்தார்.

"அவ எங்கீங்க அண்ணி?"

"விமானத்துல இடமில்லைங்க."

"நல்லதாப் போச்சு," என்றார்.


அக்டோபர் 24, வெள்ளி
பொள்ளாச்சி

தகனம் முடிந்தது. நல்ல கூட்டம். வங்கியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். என் தலைமையாசிரியை பொறுமையாக விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு போனார். ஒன்று குறைகிறது. சிம்தாங்கில் விட்டிருப்பேன்.


அக்டோபர் 26, ஞாயிறு

மகள் மிருதுளா திருச்சியில் கல்லூரிக்குப் போகவேண்டும், போகமாட்டேன் என்கிறாள். இன்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நீரஜா ஆன்ட்டி ஏம்மா உங்ககூட வரல?"

"விமானத்துல இடமில்ல."

"அவங்களுக்குக் கால்ல ரொம்ப முடியலைன்னாங்களே?"

"யார் சொன்னது?"

"அவங்கதான். அப்பா போனதை எனக்கு முதல்ல போன் பண்ணிச் சொன்னதே அவங்கதான்மா. அப்புறம்தான் உங்க ஸ்கூலுக்குச் சொல்லச் சொன்னாங்க."

"உன் நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். இருபது வயது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? எழுந்து போய்ச் சாம்பாருக்குத் தாளித்தேன்.


அக்டோபர் 31, வெள்ளி

மலையேற்றக் குழுவின் தலைவர் டாக்டர் பார்த்திபன் போன் செய்தார். நான் வந்த விமானத்துக்குப் பிறகு சிம்தாங்கில் வேறு விமானமே இறங்கவில்லையாம், மறுபடி மேகம் கட்டிக்கொண்டதாம். நர்ஸ் கையில் இருந்த மருந்து தீர்ந்து, காயத்தில் சீழ் பிடித்து, கடைசியில் குழுவினர் சேர்ந்து ஹெலிகாப்டர் பிடித்து நீரஜாவை நேற்று முன்தினம்தான் காத்மாண்டு கொண்டு போயிருக்கிறார்கள்.

"இடது பாதத்துல விரல் எல்லாத்தையும் எடுத்துட்டாங்கம்மா. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்னு சர்ஜன் சொன்னார். என்ன பண்றது, வானிலை."

"ஆமாங்க டாக்டர். வானிலை," என்றேன்.

மதியம் மாவு அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் மாற்றவேண்டும்.


நவம்பர் 6, வியாழன்

இன்று காரியம். ஐயர் வருவதற்குத் தாமதம். பந்தல்காரர் நாற்காலி குறைத்துப் போட்டுவிட்டார், பக்கத்து மண்டபத்திலிருந்து வாங்கினோம். வடை போதவில்லை.

குழுவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரே பயம்தான். பூர்ணா பார்த்தார், நர்ஸ் பார்த்தாள், விமானி பார்த்தார். எல்லாரையும்விட அவள் பார்த்தாள். படுக்கையில் இருந்துகொண்டு அவள் இவர்களிடம் என்ன சொல்லியிருப்பாள்? சொல்லட்டும், நானும் சொல்வேன் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் யார், என் புருஷனோடு எத்தனை வருடம், எந்த விடுதியில் என்ன பெயர் சொல்லித் தங்கினாள், எல்லாவற்றையும் பந்தலிலேயே கேட்டுவிடுவது என்று.

டாக்டர் பார்த்திபன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீரஜா எல்லாத்தையும் சொன்னாம்மா."

நான் தயாரானேன். மயில்சாமியும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டாவது சீட்டு இருந்துதாமே. வா, வான்னு நீங்க அவ்வளவு வற்புறுத்துனீங்களாமே. அவதான் மாட்டேன்னுட்டாளாம். நீங்க ரெண்டு பேரும் தனியாப் போகணும், கடைசியா கொஞ்ச நேரமாவது அவரு உங்களோட மட்டும் இருக்கட்டும்னு நின்னுட்டாளாம். அந்த நிலைமையிலயும் அடுத்தவங்களுக்காக யோசிச்சீங்களே. பெரிய மனசும்மா உங்களுக்கு."

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வங்கி மேலாளரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மிருதுளா தண்ணீர்ச் சொம்போடு தூணருகே நின்றிருந்தாள். அவள் மட்டும் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடமில்லை என்று நான் அவளிடம் சொல்லி இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை.

"ஆமாங்க," என்றேன். "எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன்."

பிறகு உள்ளே போய் அவர்களுக்குக் காப்பி எடுத்துவந்தேன்.